ஓடி வருகிறான் என்று நினைத்தாள்

எண்ணெய் டேங்க் கழுவும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் வாட்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலை அப்படி. மூன்று மாடி உயர இரும்பு டேங்குக்குள் ஆள் நுழைந்து அடியில் தங்கிய கசடை வழிக்கும்போது, டேங்கின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் வட்டத் துளைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே போனவர் நல்லபடியாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கையில் உள்ளே போனவரின் இடுப்புக் கயிறு. மறு கையில் வாக்கி டாக்கி. மடியில் நேரம் எழுதுகிற அட்டை. எழுந்து போகக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது, என்ன நடந்தாலும் உள்ளே மட்டும் போகவே கூடாது. இந்தக் கடைசி விதியைச் சிவப்பு மையில் எழுதித் துளைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்கள். விழுந்தவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான், அப்புறம் ரெண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

வேலையை வாங்கிக் கொடுத்தது அவள் கொழுந்தன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். நான்கு வருடமாக டேங்குக்குள் போகிறவன் அவன்தான். "பன்னெண்டாவது படிச்சிருக்கீங்க, கொஞ்சம் இங்கிலீஷ் வரும், நிழல்ல உக்காந்து பாக்குற வேலை அண்ணி" என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனான். அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "போ, போ. அவனை உன் கண் பார்வையிலேயே வச்சுக்க. எனக்கும் நிம்மதி" என்றான். அவனுக்கு நிம்மதி. அவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

பயந்தது டேங்குக்கு அல்ல, வாக்கி டாக்கிக்கு. பம்ப்காரர் தமிழ், லாரிக்காரர்கள் ஒரு மொழி, பாதுகாப்பு அதிகாரி இன்னொரு மொழி. ஆகையால் எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். அதிகாரி மெலிந்த மனிதர். எதைச் சொன்னாலும் அதைத் திரும்பச் சொல்ல வைப்பார். "ரிப்பீட்" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும். பின்னால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. இரண்டாவது வாரம் ரிப்பீட் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். நாற்பது ஆங்கிலச் சொற்கள். பெரும்பாலும் இரட்டைச் சொற்கள். ஒரு மாதத்தில் பரீட்சை, தேறாவிட்டால் வாக்கி டாக்கியைக் கொடுக்க மாட்டார். வாக்கி டாக்கி இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

அந்தத் தாளைப் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினாள். தனித்தனியாக எல்லாச் சொல்லும் தெரிந்த சொற்கள்தான். புட் தெரியும், அவுட் தெரியும். சேர்ந்தால் நெருப்பை அணைப்பதாம். ஆஃப் என்றால் நிற்பது என்று ஸ்விட்ச் போடுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அலாரம் கோஸ் ஆஃப் என்றால் அலாரம் அலறுகிறது என்று அர்த்தமாம். அதைப் படித்தபோது அவள் கையிலிருந்த தட்டு நழுவியது. தெரியாத சொல் என்றால் கேட்டுவிடலாம். தெரிந்த மாதிரியே வந்து நிற்கிற சொல்லை என்ன செய்வது?

புருஷன் சாப்பிட்டுக்கொண்டே தாளைப் பார்த்துப் படிப்பான். "லுக் ஆஃப்டர். பின்னாடி பாக்கறதா?"

"பாத்துக்கறது. கவனிச்சுக்கறது."

"அப்ப முன்னாடி பாக்கறதுக்கு என்ன? சரி, இது என்ன... புட் அப் வித்?"

"சகிச்சுக்கறது. அதை மட்டும் நான் படிக்கவே வேணாம். பதினோரு வருஷமா பண்ணிட்டிருக்கேன்."

சின்னவன் புரை ஏறும் அளவுக்குச் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் படுத்த பிறகு உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். ஷட் டவுன், நிறுத்துவது. கிவ் அவே, கொடுத்துவிடுவது. கிவ் வே, உடைந்து போவது. ஒரே ஒரு எழுத்தில் மனிதன் சாவான் போலிருக்கிறதே என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

பரீட்சையில் நாற்பதுக்கு முப்பத்தாறு. பதினேழாவது கேள்வி ரன் அவுட். தீர்ந்து போவது என்று எழுதி, உதாரணத்துக்கு வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் எழுதியிருந்தாள். ரிப்பீட் அதற்குப் பக்கத்தில் சிவப்பில் சரி போட்டு, தன் கையாலேயே வாக்கி டாக்கியைக் கொடுத்தார்.

அது நடந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து, முற்பகலில். நல்ல வெயில். டேங்கின் இரும்புச் சுவர் தோசைக்கல் மாதிரி கொதித்தது. சின்னவன் முகமூடி மாட்டி, இடுப்பில் கயிறு கொக்கி போட்டு, மூச்சுக் காற்று வரும் நீளமான ஹோஸைப் பின்னால் இழுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தான். அந்த ஹோஸின் மறுமுனை சுவரைத் தாண்டி, நிழலில் நிறுத்திய தள்ளுவண்டியில் இருந்தது. வண்டியில் நாலு காற்று சிலிண்டர். அதன் அளவைப் பார்த்துக்கொண்டு ரிப்பீட் அங்கே நின்றார். அவளிடமிருந்து அவரைப் பார்க்க முடியாது. இருபதடி தள்ளிப் பம்ப்காரர் கசடு உறிஞ்சும் பம்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அவள் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பாள். உள்ளேயிருந்து ஒரு இழுப்பு பதிலுக்கு வரும். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். பதினொன்று நாற்பதுக்கு இழுத்தாள், பதில் வந்தது. அட்டையில் எழுதினாள்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. ரிப்பீட்டின் குரல். வழக்கத்தைவிட வேகம். "ஹி இஸ் ரன்னிங் அவுட்..." அதற்குப் பிறகு வந்ததைப் பம்ப் உறுமி விழுங்கிவிட்டது.

ரன் என்றால் ஓடுவது. அவுட் என்றால் வெளியே. அவன் வெளியே ஓடி வருகிறான்.

அவள் நிம்மதியாகவே பெருமூச்சு விட்டாள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போல. "ஓகே. காப்பி" என்றாள், கேட்டுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அவர் ரிப்பீட் கேட்கவில்லை. அட்டையில் 11.42 என்று போட்டு, பக்கத்தில் தமிழில், 'வெளியே ஓடி வருகிறான்' என்று எழுதினாள். அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தாள். கயிற்றைச் சுருட்டத் தயாராகக் குனிந்து நின்றாள்.

கயிறு தளரவில்லை.

ஓடி வருகிறவனுடைய கயிறு தளர வேண்டும். அவள் துளைக்குள் பார்த்தாள். தூரத்தில், டேங்கின் கூரையைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே, அவன் தலை விளக்கு தெரிந்தது. அது ஓடவில்லை. இப்படியும் அப்படியுமாக ஆடியது. டேங்குக்குள் ஏன் ஓட வேண்டும், முழங்கால் வரைக்கும் கசடு இருக்கும்போது யாரால் ஓட முடியும் என்று அப்போதுதான் தோன்றியது. ரிப்பீட் எங்கேயோ இருக்கிறார், உள்ளே ஓடுகிறவனை அவர் எப்படிப் பார்த்தார்? அவர் பார்த்துக்கொண்டிருப்பது கேஜை. கேஜில் தெரிவது காற்று.

பால் தீர்ந்துவிட்டது.

காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அவள் ஓகே சொல்லியாகிவிட்டது.

"அண்ணா! ஓடி வாங்க!" என்று பம்ப்காரரைக் கத்தினாள். கயிற்றை மூன்று முறை இழுத்தாள். மூன்று என்றால் உடனே வெளியே வா. பதில் வரவில்லை. தலை விளக்கு சட்டென்று கீழே இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றுவிட்டது.

பம்ப்காரர் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு முழம் வந்தது, பிறகு இரும்பாக நின்றது. பம்ப்காரர் காலை டேங்கில் உதைத்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார். அவள் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தாள். கயிறும் ஹோஸும் இரண்டாவது தூணைச் சுற்றிப் போயிருந்தன. இழுக்க இழுக்க அவனைத் தூணோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"விடுங்க! இழுக்காதீங்க!"

"என்னம்மா சொல்ற, உள்ள செத்துருவான்!"

"தூணைச் சுத்தி இருக்குண்ணா! விடுங்க!"

அவர் விட்டார். அவன் இடுப்பில் ஐந்து நிமிஷக் காற்றுள்ள சின்ன பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். முகமூடி மூச்சை அடைத்ததும் அதைத் திறந்திருப்பான். திறந்திருக்க வேண்டும். அதில் எத்தனை நிமிஷம் போயிருக்கும் என்று கணக்குப் போட அவளுக்கு மூளை ஓடவில்லை. தாண்டி உள்ளே குதித்துவிடத் துடித்தாள். ஒரு காலைக்கூடத் துளையின் விளிம்பில் வைத்துவிட்டாள். பம்ப்காரர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"தம்பி!" என்று கத்தினாள். இரும்புக்குள் குரல் பத்துக் குரலாக எதிரொலித்தது. "தம்பி, கொக்கியைக் கழட்டு! கயித்தைக் கழட்டிப் போடு! ஹோஸையும் கழட்டு!"

உள்ளே போனவன் எந்த நிலையிலும் கழற்றக் கூடாத கயிறு அது. அதைக் கழற்றச் சொல்கிறாள். இதுவும் தப்பாக இருந்தால்?

விளக்கு அசைந்தது. கையில் பிடித்திருந்த கயிறு திடீரென்று கனமில்லாமல் போயிற்று.

"வெளிச்சத்தைப் பாரு! வேற எதையும் பாக்காத! இங்க வா, இங்க வா, இங்க வா..." டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் நாலு காலில் வந்தான். கசடு அவனைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. துளைக்குப் பத்தடி இருக்கும்போது முழங்கை மடங்கி முகம் குப்புற விழுந்தான்.

பத்தடிதான். கைக்கு எட்டாத பத்தடி. கசடு வழிக்கிற நீளக் கம்பு, முனையில் ரப்பர் பட்டை வைத்தது, சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து உள்ளே நீட்டினாள். முதல் முறை அவன் தோளில் இடித்தது. இரண்டாவது முறை முதுகுப்புற பெல்ட் வளையத்தில் ரப்பர் பட்டையின் இரும்பு மூலை மாட்டியது. "இப்ப இழுங்கண்ணா!" என்றாள். வழவழவென்று கசடிலேயே அவன் சறுக்கி வந்தான். துளையின் விளிம்பில் அவனைத் தூக்கும்போதுதான் ரிப்பீட் வேறொரு சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூலை திரும்பினார். அவனைத் தரையில் கண்டதும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

முகமூடியைக் கழற்றினார்கள். உதடு நீலம். ஆக்சிஜன் வைத்தார்கள். எவ்வளவு நேரம் என்று அவள் எழுதவில்லை. அவன் இருமியபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முழு சிலிண்டர் என்று சீட்டு ஒட்டி வந்த நாலில் கடைசி ஒன்று காலி என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. அது நிரப்புகிறவர்கள் தப்பு. அதிகாரியின் குறிப்பேட்டில் 11.42, தகவல் சொல்லப்பட்டது, பெற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது. அவள் அட்டையை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டிருந்தாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில், அவள் அட்டையைப் பார்த்துவிட்டிருந்த பம்ப்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பம்ப் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிடுங்க. நான் சாட்சி சொல்றேன். அந்த அட்டையைக் கிழிச்சுப் போட்டுடுங்க, ஆளும் பொழைச்சுட்டான், விடுங்க."

அவள் தலையாட்டினாள். கிழிக்கவில்லை. வீட்டில் யாராவது அந்தப் பையைத் தொட்டால் பாய்ந்து பிடுங்கினாள். புருஷன், "என்ன ஆச்சு உனக்கு? அவன் உயிரைக் காப்பாத்திட்டு வந்திருக்க, நீ என்னமோ திருடிட்டு வந்தவ மாதிரி இருக்க?" என்றான்.

நான்காம் நாள் சின்னவன் வீட்டுக்கு வந்தான். குரல் கரகரவென்று இருந்தது. கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணி. மூணு இழுப்பு ஏன் அவ்வளவு லேட்டா வந்துச்சு? முகமூடி அடைச்சதும் நான் கயித்தை எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் தூண் பக்கமே நின்னேன்."

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பம்ப் சத்தம். ஆனால் அவன் அங்கே நின்றிருக்கிறான். அவள் கூப்பிடுவாள் என்று நின்றிருக்கிறான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரன் என்றால் ஓடுவது என்று நினைத்ததை, தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்ததை, நிம்மதியாக மூச்சு விட்டதை.

சின்னவன் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் ஆறு நாள் அவளிடம் 'ம்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பார்க்காதபோது மட்டும் தன்னைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆறு நாளில்தான் அவள் உண்மையாகவே பயந்தாள். வேலை போனால் வேறு வேலை. இது போனால்?

விசாரணை கம்பெனி ஆபீசில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். பக்கத்தில் ரிப்பீட், கை இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு. தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா கேள்விகளை மாற்றிச் சொன்னார்.

"பம்ப் சத்தத்துல தகவல் கேக்கலன்னு பம்ப் ஆபரேட்டர் சொல்றாரு. அப்படித்தானேம்மா?"

ஆமாம் என்றால் போதும். குமாஸ்தாவே அந்தப் பதிலை எதிர்பார்த்துப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். அவள் கைப்பையைத் திறந்தாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது.

"பாதி கேட்டுச்சு சார். கேட்டதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். இதுல எழுதியிருக்கேன்."

குமாஸ்தா அட்டையைப் படித்தார். படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார். மூவரில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். ரிப்பீட் சிரிக்கவில்லை. அட்டையைக் கையில் வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த மூன்று சொற்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து ஏதோ சொன்னார். குமாஸ்தா மெதுவாக மாற்றினார்: "அந்தக் கேள்விக்கு இவங்க சரியாத்தான் எழுதினாங்களாம். இவர்தான் மார்க் போட்டாராம். அன்னைக்கு ரிப்பீட் கேக்காம விட்டதும் இவர்தானாம்."

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவளை வாக்கி டாக்கியிலிருந்து எடுத்துவிட்டுக் கையுறையும் காலணியும் கொடுக்கிற ஸ்டோருக்கு அனுப்பினார்கள். துளைக்கு வேறொருவனை வைத்தார்கள். நல்ல பையன், ஆங்கிலம் மளமளவென்று பேசுவான். இனி வாக்கி டாக்கியில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதாது, என்ன புரிந்தது என்பதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று ரிப்பீட் ஒரு விதி போட்டார். எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

சின்னவன் வேலைக்குத் திரும்பிய அன்று காலை ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றான். அவள் அவன் அளவுக் கையுறையை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"உங்களைத் துளைக்கு வரச் சொல்லிட்டேன். ஆபீஸ்ல பேசிட்டு வந்தேன்."

ஆறு நாள் கழித்து அவன் பேசிய முதல் வாக்கியம் அது. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"வேணாம் தம்பி. அந்தப் பையன் நல்லா இங்கிலீஷ் பேசுறான். நான் வேணாம்."

"அவன் எல்லாத்துக்கும் ஓகே ஓகேங்கிறான். நேத்து உள்ள ஒருத்தன் இருமினதுக்கும் ஓகேன்னானாம்." சின்னவன் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்கு உங்க மேல கோவம் போகல அண்ணி. போறப்ப போகும். ஆனா உள்ள போறது நான். யாரு வெளிய இருக்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

அவள் ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். சின்னவன் முகமூடியை மாட்டி, கொக்கியைப் பூட்டி, அதை அவளையே ஒரு முறை இழுத்துப் பார்க்கச் சொன்னான். பிறகு குனிந்து உள்ளே போனான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை என்பதை அவள் இரண்டு நிமிஷம் ஆக்கினாள். அவன் சலிக்காமல் பதில் கொடுத்தான்.

மூன்றரை மணிக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. "டெல் ஹிம் டு நாக் ஆஃப்."

நாக் என்றால் தட்டுவது. இல்லை, இடிப்பது. யார் யாரை இடிக்கிறார்கள்? எதைத் தட்டிவிட வேண்டும்? அவள் எழுந்து நின்றுவிட்டாள். துளைக்குள் பார்த்தாள். விளக்கு நேராக நின்று நிதானமாக நகர்ந்தது. ஓகே என்று சொல்லத் தொண்டை தானாகவே திறந்தது. அதை விழுங்கினாள்.

"நோ ஓகே" என்றாள். "ஐ நாட் அண்டர்ஸ்டாண்ட். ஸே ஈஸி."

பிறகு ரிப்பீட் ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வது போல, சொன்னார். "ஸ்டாப் வொர்க். கோ ஹோம்."

"வேலையை நிறுத்தணும். வெளிய வரணும். வீட்டுக்குப் போகணும். காத்து எல்லாம் இருக்கு?" பதற்றத்தில் கடைசி வரை தமிழிலேயே கேட்டுவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். இருக்கிறது என்று பதில் வந்தது. எவ்வளவு என்று கேட்டாள். அவர் எண்ணைச் சொன்னார்.

அப்புறம்தான் கயிற்றை மூன்று முறை இழுத்தாள். உடனே மூன்று பதில் வந்தது. கயிறு தளர்ந்தது, சுருட்டினாள், தளர்ந்தது, சுருட்டினாள். சின்னவன் துளையில் தலையை நீட்டி, முகமூடியைக் கழற்றி, கசடு ஒட்டிய முகத்தோடு அவளைப் பார்த்தான்.

"என்ன அண்ணி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. கொக்கியைக் கழட்டு. போலாம்."